சந்தனம் பூசிய லைற்

லைற்றில்தானே உங்களுடைய காரைப் பெயிலாக்கினவன்?

மறைக்க வேண்டாம் தம்பி. அந்தத் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தீர்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. பிரேக்கிலோ ரயரிலோ பெயிலானவன் தாளை விரித்துவைத்துக்கொண்டு யாருக்குப் போன் எடுக்கலாம் என்று யோசிப்பான். லைற்றில் பெயிலானவன்தான் இப்படி மானம் போனமாதிரி மடித்துவைப்பான்.

வாருங்கள், இப்படி இந்தக் கதிரையில் இருங்கள். என்னுடைய காரும் உள்ளேதான் நிற்கிறது. அந்த நீலம். பியோத்தர்தான் பார்க்கிறான். போலந்துப் பெடியன், நல்லவன், ஆனால் சிரிக்கமாட்டான். வருசா வருசம் இந்த எம்.ஓ.ரி கார்ச் சோதனைக்கு வந்து இதே கதிரையில் இருந்து நகம் கடித்த ஆள்தான் நானும். இந்த வருசம் கடிக்கவில்லை. பாருங்கள், எவ்வளவு ஆறுதலாக இருக்கிறேன்.

என்ன பல்ப் போட்டீர்கள்? எல்.ஈ.டியோ? பின்பக்கம் குட்டி விசிறி சுற்றுகிற சாமானோ? இல்ஃபோர்ட் சந்தையில் வாங்கினதோ? பார்த்தீர்களா! அதே பல்ப்தான் தம்பி என்னுடைய காரிலும் எரிகிறது. சத்தியமாக அதே பல்ப். உங்களுடையதைப் பெயிலாக்கின பியோத்தர் என்னுடையதைப் பாஸாக்குவான், இருந்து பாருங்கள். வித்தியாசம் பல்ப்பில் இல்லை. வேறொன்றில் இருக்கிறது. அதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

போன ஐப்பசியில்தான் அந்தப் பல்ப்பைப் பூட்டினேன். அந்த நாட்களில் லண்டன் றோட்டெல்லாம் எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கவுன்சில்காரர் தெருவிளக்கைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பவளம், என்னுடைய மனிசி, "றோட்டில ஒண்டுமில்லை, உங்கட கண்ணிலதான். கண் டொக்டரிட்டப் போங்கோ" என்று ஒரே நச்சரிப்பு. கண்ணுக்கு என்ன வந்தது? நான் போகவில்லை. எல்.ஈ.டி வாங்கிவந்து நானே பூட்டினேன். பூட்டுகிறபோது ஒன்று கைதவறிக் கீழே விழுந்து விசிறியில் ஒரு பல்லு உடைந்தது. அதனால் ஒன்றும் இல்லை, எரிந்தது. எரிந்தது என்றால் எப்படி! எங்கள் ஒழுங்கையே பகல். முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னல் சீலையை இழுத்து மூடினாள் என்றால் பாருங்களேன்.

அதற்குப் பிறகு எனக்கு றோட்டில் கிடைத்த மரியாதையைச் சொல்லவேண்டும். எதிரில் வருகிற கார்க்காரர் எல்லாரும் லைற் அடிப்பார்கள். ஒருத்தர் மிச்சமில்லை. பஸ் டிறைவர்கள்கூட. ஊரில் ஒருத்தன் லைற் அடித்தால் "வாறன், விலத்து" என்று அர்த்தம். இந்த நாட்டில் அப்படியில்லையே, "நீங்கள் போங்கோ ஐயா" என்று வழிவிடுகிற மரியாதை. நானும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவேன். முப்பது வருசம் இந்த ஊரில் கார் ஓடினேன், ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு பல்ப் மாற்றினேன், எல்லாரும் வணக்கம் சொல்கிறார்கள்.

இந்தச் சந்தோசத்தைத்தான் என்னுடைய மச்சான் குலசிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

குலசிங்கம் என்றால் என்னுடைய தங்கச்சி ரஞ்சியின் புருசன். ஜேர்மனியில் இருக்கிறார். நல்ல மனிசன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்டுச் சட்டம் அவருடைய இரத்தத்தோடு கலந்துவிட்டது. பச்சைப் போத்தலை ஒரு பெட்டியில் போடுவார், வெள்ளைப் போத்தலை இன்னொரு பெட்டியில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கமாட்டார். ஒரு காக்கை குருவி இல்லாத றோட்டில், மழையில் நனைந்துகொண்டு, சிக்னலில் அந்தச் சிவப்பு மனிசன் பச்சை மனிசனாக மாறும்வரை நிற்பார். பொய்? அவர் வாயில் வராது. ரஞ்சியின் சமையல் எப்படி என்று அவரிடம் கேட்டுவிட்டு நான் சபையில் தலைகுனிந்த கதை தனி. பொய் சொல்லத் தெரியாத மனிசனோடு சண்டை பிடிப்பதில் ஒரு சுவாரசியமும் இல்லை, தம்பி.

இந்தத் தை மாதம் அவருடைய மகள் ஆரணிக்குக் கலியாணம். ஒரே பெட்டை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது விடுமுறைக்கு இங்கே வந்திருந்தாள். அந்தக் கிழமைதான் நான் இந்த நீலக் காரை வாங்கினேன். முன் சீற்றில் ஏறியிருந்துகொண்டு, "மாமா, என்ர கலியாணத்துக்கும் நீங்கள்தான் இந்தக் காரில என்னை ஏத்திக்கொண்டு போகவேணும்" என்றாள். சரியென்று தலையில் கைவைத்துச் சொன்னேன். குழந்தைப்பிள்ளைப் பேச்சு என்று நான் மறந்துபோனேன், அவள் மறக்கவில்லை. கார்த்திகையில் போன் எடுத்தாள். "மாமா, அப்பா நீட்டுக் கார் ஒண்டு வாடகைக்குப் பாக்கிறார். எனக்கு வேண்டாம். வீட்டிலயிருந்து மண்டபத்துக்கு உங்கட நீலக் காரிலதான் வருவன். சொன்னதுதானே?"

எனக்குப் பிள்ளை இல்லை, தம்பி. அந்தப் போனை வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன். அதைவிடுங்கள்.

அடுத்தநாள் குலசிங்கம் எடுத்தார். நான் பல்ப் பூட்டின கதையை ரஞ்சி சொல்லியிருக்கவேண்டும். சுகம் கேட்கவில்லை.

"மச்சான், உங்கட பல்ப்புக்கு நம்பர் இருக்கோ?"

"என்ன நம்பர்? லொத்தர் நம்பரோ?"

"பகிடி விடாதேங்கோ. இஞ்ச எல்.ஈ.டி பூட்டுறதெண்டா இந்தக் காருக்கு, இந்த லைற்றுக்கு, இந்தப் பல்ப் எண்டு அனுமதி நம்பர் இருக்கவேணும். இல்லாமப் பூட்டினா அந்தக் கார் றோட்டில ஓடவே ஏலாது."

"என்ர கார் உம்மட ஊரிலதானே செய்தது? அதே கார் அங்கயும் ஓடுதெல்லோ?"

"கார் ஒண்டு, லைற் வேற. நீங்கள் இடப்பக்கம் ஓடுறியள், உங்கட லைற் இடக்கைக் கரையைத் தூக்கிக் காட்டும். நாங்கள் இஞ்ச வலப்பக்கம். உங்கட லைற் எதிரில வாறவன்ர கண்ணுக்கதான் போகும். அதுக்குள்ள இந்தப் பல்ப்பும் எண்டா..."

"எதிரில வாறவன் ஏன் என்ர லைற்றைப் பாக்கிறான்? தன்ர றோட்டைப் பாக்கட்டும்."

"மச்சான், பொலிஸ் மறிச்சா மணப்பொம்பிளை நடுறோட்டில நிப்பாள். சோடிச்ச தலையோட, குளிருக்க. யோசிச்சுப் பாருங்கோ."

நான் யோசிக்கவில்லை. தாய்மாமன் காரில் பெட்டை போவதைத் தடுக்க ஒரு மனிசன் எவ்வளவு சட்டம் பேசுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நீங்களே சொல்லுங்கள், வேறென்ன நினைப்பது?

போவதற்கு முதல் கிழமை பவளத்தின் நச்சரிப்புத் தாங்காமல் கண்ணாடி மாற்றினேன். கலியாணப் படத்தில் பழைய கண்ணாடி சரியில்லை என்றாள், அதற்காகத்தான். அதை விடுங்கள், அதற்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை.

காரை ஏற்றிக்கொண்டு கடல் கடந்த கப்பலில் ஒரு ஸ்ரிக்கர் விற்றார்கள். இங்கேயிருந்து போகிற காரின் லைற்றில் அதை ஒட்டவேண்டுமாம், வெளிச்சம் எதிரே வருகிறவனின் பக்கம் போகாமல் தடுக்குமாம். வாங்கினேன். குலசிங்கத்தின் வாயை மூடலாம் அல்லவா? எங்கே ஒட்டுவது என்று படம் போட்டிருந்தது. ஒரு மூலையில், சரிவாக, கோணல் மாணலாக. பவளம் பார்த்துவிட்டு, "கலியாணக் காரெண்டா ஒரு வடிவு வேண்டாமோ? நடுவில ஒட்டுங்கோ" என்றாள். அவள் சொன்னது நியாயம். முகத்தில் பொட்டு எங்கே வைப்போம்? நடுவில்தானே. இரண்டு பக்கமும் நடுவில், ஒரே அளவாக ஒட்டினேன். முகம் களையாக இருந்தது.

பின்னேரம் நாலரைக்கே ஜேர்மனியில் இருட்டிவிட்டது. பெரிய றோட்டில் ஏறின நேரம் தொடக்கம் ஜேர்மன்காரர் லைற் அடிக்கத் தொடங்கினார்கள். லண்டனில் ஒரு தடவை அடிப்பார்கள், அங்கே இரண்டு தடவை, மூன்று தடவை. லொறிக்காரர் கோர்னும் அடித்தார்கள். "பாத்தியே பவளம், வெளிநாட்டுக் காரெண்டு என்ன மரியாதை" என்றேன். அவள் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். களைப்பு, பாவம்.

மச்சானின் ஊருக்குள் இறங்குகிற வட்டச் சந்தியில் பொலிஸ் மறித்தது. இரண்டு பேர். ஒருத்தன் கொஞ்சம் வயதானவன், மீசைக்காரன். அவன் என்னுடைய காருக்கு முன்னால் வந்து நின்று கையைத் தூக்கி நெற்றியில் வைத்தான். நான் உள்ளேயிருந்து திருப்பி ஒரு சலூட் அடித்தேன். மற்றவன் குனிந்து லைற்றைப் பார்த்தான், ஸ்ரிக்கரைப் பார்த்தான், பிறகு மீசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் அதிசயமாகப் பார்த்தார்கள். ஜேர்மன் பாசை எனக்கு வராது. குலசிங்கத்துக்குப் போன் போட்டு அவர்களிடம் கொடுத்தேன். மீசைக்காரன் நிறையக் கதைத்தான். மறுபக்கத்தில் குலசிங்கம் "யா, யா" என்று மட்டும் சொல்வது எனக்கும் கேட்டது. மாமியாரிடம் கதைக்கிறமாதிரி ஒரு "யா".

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். என்னுடைய பெரிய லைற்றை நிறுத்தச் சொன்னார்கள். பொலிஸ் கார் நீல லைற் போட்டுக்கொண்டு முன்னே போனது. நான் சின்ன லைற்றோடு பின்னே. வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்! ஒரு மந்திரி வருகிறமாதிரி வந்து இறங்கினேன், தம்பி. கலியாண வீட்டுச் சனம் முழுக்க யன்னலில். குலசிங்கம் சப்பாத்தும் போடாமல் வெளியே ஓடிவந்து மீசைக்காரனிடம் தலையாட்டிக்கொண்டு நின்றார். பெருமைப்பட வேண்டிய நேரத்தில் முகம் வெளிறிப்போய்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாரோ இல்லையோ, சொன்னார்: "மச்சான், நாளைக்கு ஆரணி வாடகைக் காரிலதான் போவாள். அந்த லைற்றோட இந்தக் கார் வாசலைத் தாண்டேலாது. நான் பொலிசுக்குச் சொல்லிப்போட்டன்."

"அப்ப நானும் நாளைக்கு மண்டபத்துக்கு வரேல்லை."

"அண்ணை!" என்றாள் ரஞ்சி. அழத் தொடங்கிவிட்டாள்.

"என்ன அண்ணை? அண்ணை ஓடுற காரில உன்ர பெட்டை போகக்கூடாதாம். அண்ணைக்கு மண்டபத்தில என்ன வேலை? பந்தி பரிமாறவோ?"

பவளம் என்னைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் ஒரு சபை கூடியிருந்தால் எவ்வளவு கதைப்பேனோ அவ்வளவும் கதைத்தேன். அப்போதுதான் ஆரணி மேலேயிருந்து இறங்கிவந்தாள். இரண்டு கையிலும் மருதாணி, காயாமல் விரித்துப் பிடித்தபடி.

"அப்பா, நான் மாமாவோடதான் போவன்."

"பிள்ளை, உனக்குத் தெரியாது..."

"எனக்குத் தெரியும். நானும் இந்த ஊரிலதானே லைசென்ஸ் எடுத்தனான்." தகப்பனையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாமா வரமாட்டன் எண்டா எனக்கு அந்த மண்டபம் வேண்டாம். நீங்கள் எப்பிடியாவது செய்யுங்கோ அப்பா."

எப்படியாவது செய்யுங்கள்! சட்டத்தை எப்படி மாற்றுவார் அந்த மனிசன்? யன்னலடியில் போய் நின்று என்னுடைய காரை அவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, என்ன சொன்னார் தெரியுமோ?

"சரி மச்சான். நீங்களே ஓடுங்கோ. ஆனா மணப்பொம்பிளை ஏறுற கார், ஒரு பூசை போடவேணும். கார்த் திறப்பைத் தாங்கோ, நான் கோவிலுக்குக் கொண்டுபோட்டு வாறன்."

எனக்கு நம்ப முடியவில்லை. காருக்குப் பூசை போடுகிறவர்களை வாழ்க்கை முழுக்கப் பகிடி பண்ணின மனிசன்! "ரயருக்குக் கீழ தேசிக்காயை நசிச்சா பிரேக் பிடிக்குமோ?" என்று என்னையே கேட்டவர். இப்போது தானாக இறங்கிவருகிறார். தோல்வியை நேரே ஒத்துக்கொள்ள வெட்கம், சாமியின் பேரில் ஒத்துக்கொள்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். திறப்பைக் கொடுத்தேன். "நானும் வாறன்" என்றேன். "வேண்டாம், வேண்டாம், நீங்கள் தூரத்தால வந்தனியள், சாப்பிட்டுட்டுப் படுங்கோ. மச்சாள் வரட்டும், தேசிக்காய் பிடிக்க ஒராள் வேணும்" என்றார். பவளம் போனாள். ரஞ்சி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நான் ஒரு கண் அயர்ந்தேன்.

கோவில் அங்கேயிருந்து கூப்பிடு தூரம். ஆனால் இவர்கள் வந்துசேர நேரமாகிவிட்டது. இடையில் பெற்றோல் அடிக்கிற செற்றில் நின்றார்களாம். பெற்றோல் ராங்கில் முக்கால்வாசி இருந்தது, எதற்கு நின்றார்களோ! நான் கேட்கவும் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, காரைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. முன்னுக்கு ஒரு மாலை. இரண்டு லைற்றின் மேல்விளிம்பிலும் சந்தனம், அதற்குமேல் குங்குமம். ஒரு குறை, ஐயர் அந்த ஸ்ரிக்கரைக் கழற்றிப் பழையபடி கோணலாக ஒட்டியிருந்தார். ஐயர்மார் ஏன் அதில் கைவைக்கிறார்களோ தெரியாது.

லைற்றைப் போட்டுப் பார்த்தேன். தம்பி, இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும்.

வெள்ளையாக, நீலம் அடிக்கிறமாதிரி எரிந்த லைற், மஞ்சளாக எரிந்தது! ஆம், மஞ்சள். குத்துவிளக்குச் சுடர் மாதிரி, கண்ணைக் குத்தாத ஒரு மங்கல நிறம். நான் திகைத்துப்போய், "குலசிங்கம், இதென்ன மஞ்சளா எரியுது?" என்று கேட்டேன்.

குலசிங்கம் நிலத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சந்தனம் பூசினதாலயாக்கும், மச்சான்" என்றார்.

பவளம் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். தோள் குலுங்கியது. அவளுக்கும் கண் கலங்கியிருக்கவேண்டும். அப்படியான ஒரு நேரம் அது.

காலையில் புறப்படும்போது இன்னும் விடியவில்லை, மழையும் பனியும் கலந்து தூறியது. ஆரணி பின்சீற்றில், முழு அலங்காரத்தோடு. பக்கத்தில் ரஞ்சி. குலசிங்கம் தன்னுடைய காரில் முன்னே போனார், ஐம்பது என்றால் ஐம்பதுதான், ஐம்பத்தொன்று இல்லை. நேற்றைய வட்டச் சந்தி வந்தது. பார்த்தால் அதே பொலிஸ் கார். அதே மீசைக்காரன். தடியைக் காட்டி இரண்டு காரையும் மறித்தான்.

பின்னால் ரஞ்சி "அம்மாளாச்சி" என்றாள். நானும் வாய்க்குள் அதையேதான் சொன்னேன். ஒளிக்கக்கூடாது. கண்ணாடியில் ஆரணியைப் பார்த்தேன். அவள் பயப்படவில்லை. "ஒண்டும் இல்லை மாமா, லைற் இண்டைக்கு நல்ல வடிவாயிருக்கு" என்றாள்.

மீசைக்காரன் என்னுடைய காருக்கு முன்னே வந்தான். இந்தமுறை நெற்றியில் கை வைக்கவில்லை, அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். குனிந்து ஒரு லைற்றைப் பார்த்தான். மற்றதைப் பார்த்தான். சந்தனத்தை விரலால் தொட்டு மணந்து பார்த்தான். நிமிர்ந்து, முன் காரில் இருந்த குலசிங்கத்துக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டி "டங்க" என்றான். நன்றி. குலசிங்கத்துக்கு எதற்கு நன்றி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. லைற் என்னுடையது, பூசை ஐயருடையது. பிறகு பின் யன்னலால் ஆரணியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஏதோ வாழ்த்துச் சொன்னான். ரஞ்சி அழுதாள். போகும்போது நான் அவனுக்கு ஒரு லைற் அடித்தேன், மரியாதைக்கு.

மண்டப வாசலில் நான்தான் கதவைத் திறந்து பெட்டையை இறக்கினேன். அவ்வளவு சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. "மாமா, சொன்னமாதிரியே கொண்டுவந்திட்டியள்" என்றாள். எனக்கு அது போதும்.

ஆனால் குறை ஒன்று உண்டு, சொல்லாமல் விடமாட்டேன். கன்னிகாதானம் நடக்கும்போது குலசிங்கத்தின் கையைப் பார்க்கிறேன், வலக்கைச் சுட்டு விரலில் பெரிய பிளாஸ்ரர். மற்ற விரல் முட்டெல்லாம் உரஞ்சுப்பட்ட காயம். நகத்துக்குள் கறுப்பு. பட்டு வேட்டி, சால்வை, மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கிற நேரம், கார் திருத்துகிற கராச்சிலிருந்து நேரே வந்தமாதிரி ஒரு கை! படக்காரன் அதைத்தான் கிட்டப் பிடித்து எடுக்கிறான். "ஏன் மச்சான், மகளின்ர கலியாணத்துக்குக் கை கழுவக் கூடாதோ?" என்று பிறகு கேட்டேன். "கழுவினனான் மச்சான், போகுதில்லை" என்றார். முதல்நாள் தன்னுடைய காரில் என்னத்தையோ நோண்டியிருக்கிறார். நான் அங்கே படுத்திருந்த நேரமாகத்தான் இருக்கவேண்டும்.

திரும்பி வந்து இவ்வளவு நாளாகிவிட்டது. மழையில் சந்தனம் கரைந்து எப்போதோ போய்விட்டது. ஆனால் மஞ்சள் போகவில்லை, தம்பி! அன்று எப்படி எரிந்ததோ அப்படியே எரிகிறது. அதுதான் பூசையின் பலன் என்கிறது. றோட்டும் நல்ல தெளிவாகத் தெரிகிறது. ஒரேயொரு கவலை, முந்தியமாதிரி ஒருவரும் லைற் அடித்து வணக்கம் சொல்வதில்லை. ஒருத்தர்கூட இல்லை. சனம் மாறிவிட்டது. லண்டன் பழைய லண்டன் இல்லை.

இருங்கள், பியோத்தர் கூப்பிடுகிறான். இதோ வருகிறேன்.

பாஸ்! சொன்னேனா இல்லையா? "லைற் பேர்ஃபெக்ட், மிஸ்டர் கதிர்" என்கிறான். அவனுடைய வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை நான் கேட்டதே இல்லை. சிரிக்கத்தான் இல்லை.

இதென்னவோ தந்தான். பின்னுக்கு ஸ்பெயர் ரயர் வைக்கிற சில்லுக் குழிக்குள் கிலுகிலு என்று சத்தம் கேட்டதாம், எடுத்துப் பார்த்தானாம். பொட்டலம். அட, இது கலியாண வீட்டுக் கைதுடைக்கிற தாள். பாருங்கள், பொன் எழுத்தில் "ஆரணி – நிதுஷன்". வடிவாக, மூலை மடித்துச் சுற்றியிருக்கிறது. இப்படி மூலை மடிக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான், குலசிங்கம்.

பல்ப், தம்பி. இரண்டு பல்ப். எல்.ஈ.டி. பின்னுக்குக் குட்டி விசிறி.

அச்சொட்டாக என்னுடையதுதான். இந்த ஒன்றில் விசிறிப் பல்லுக்கூட உடைந்திருக்கிறது, பாருங்கள். என்னுடையதிலும் இதே பல்லுத்தான்.

பல்ப் செய்கிறவனே இப்படிப் பல்லு உடைத்துத்தான் செய்கிறான்போல.

விளங்கிவிட்டது! மனிசன் கடைசியில் இதே பல்ப்பை எங்கேயோ தேடிப்பிடித்து எனக்கு ஸ்பெயராக வாங்கிவைத்திருக்கிறார். வாயால் சொல்ல வெட்கம், சில்லுக் குழிக்குள் ஒளித்துவைத்துவிட்டார். நம்பர், அனுமதி, சட்டம் என்று என்ன கதை கதைத்தார்! ஏன் சிரிக்கிறீர்கள்? இருங்கள், இப்போதே போன் போடுகிறேன். நீங்களும் கேளுங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"மச்சான், குலசிங்கம்! வேலையிலயோ? கார் பாஸ். ஓம், லைற்றும் பாஸ். நீர் வைச்ச பல்ப் ரெண்டும் ஆப்பிட்டுது. ஹலோ? கேக்குதோ?"

"கேக்குது மச்சான். அது... நான் எறிய மனமில்லாமல்... உங்கட சாமான் எண்டு..."

"வெக்கப்படாதேயும். என்ர பல்ப்தான் நல்லதெண்டு இப்பவாவது ஒத்துக்கொள்ளும். தோத்துப்போனன் எண்டு ஒருக்காச் சொல்லும், காணும். இஞ்ச ஒரு தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"ஓம் மச்சான். தோத்துப்போனன். ஆனா அதைப் பூட்டிப்போடாதேங்கோ. இப்ப எரியிறது நல்லா எரியுதெல்லோ? அதையே விடுங்கோ. கண்ணாடி போட்டுத்தானே ஓடுறியள்?"

"ஓம், ஓம். விரல் காயம் மாறிட்டுதோ?"

"எப்பவோ மாறிட்டுது. சரி மச்சான், வேலை, வைக்கிறன்."

கேட்டீர்களா? பொய் சொல்லத் தெரியாத மனிசன், தன்னுடைய வாயால் சொன்னார், தோற்றுப்போனேன் என்று. இத்தனை வருசத்தில் முதல்தடவை.

இந்தாருங்கள், இந்தப் பல்ப் இரண்டும் உங்களுக்கு. வாங்குங்கள் தம்பி, எனக்கு எதற்கு, என்னுடையதுதான் எரிகிறதே. பூட்டிவிட்டுப் பூசை போட்டுச் சந்தனம் பூசுங்கள், பியோத்தர் பாஸாக்குவான். ஆனால் ஒன்று, நீங்கள் போய் நிற்கக்கூடாது. நானும் போகவில்லை, அதனால்தான் பலித்தது. உங்களுக்கு மச்சான் இருக்கிறாரோ? இருந்தால் அவரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு, நீங்கள் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுங்கள்.